மரவள்ளி அவிகிற நாளில் இஞ்சி

லண்டனில் மரவள்ளிக்கிழங்கை மெழுகு பூசித்தான் விற்கிறார்கள். ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் சிரிக்கக்கூடாது, உண்மையாகத்தான் சொல்கிறேன். கப்பலில் வரும் வழியில் கறுத்துப் போகாமல் இருக்க, கிழங்கை உருக்கிய மெழுகில் தோய்த்து எடுத்து அனுப்புவார்களாம். ஃபாரஸ்ட் கேட்டில் நாங்கள் குடியிருந்த வீதியின் முனையிலிருந்த மரக்கறிக் கடையில் அதை முதன்முதல் கண்டபோது, யாரோ பிளாஸ்டிக்கில் செய்து வைத்த கிழங்கு என்று நினைத்துத் தொட்டுப் பார்த்தேன். வழுக்கியது. எது எப்படியோ கிழங்கு கிழங்குதானே என்று, ஊரில் செய்கிற மாதிரியே வாலைப் பிடித்துப் படக்கென்று முறித்தேன். உள்ளே வெள்ளையாக இருந்தால் நல்லது, நீலக்கோடு ஓடியிருந்தால் கூடாது. கடைக்காரர் "முறித்தால் வாங்க வேண்டும்!" என்று கத்தினார். அவர் கத்தியது எனக்கு மட்டும் அல்ல. பெட்டியின் மறுபக்கத்தில் ஊதாக் கோட்டும் தொப்பியும் போட்ட உயரமான கறுப்பினப் பெண்மணி ஒருவர், கையில் முறிந்த கிழங்கு வாலோடு நின்றிருந்தார். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். "முறிக்காமல் வாங்குகிறவன் மடையன்" என்று கடைக்காரருக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, முறித்ததைப் பெட்டிக்குள் எறிந்து வேறொன்றை எடுத்தார். எனக்கு அந்த மனுசியை உடனே பிடித்துப்போனது.

அவருடைய பெயர் ஐரீன் என்பது பிறகு கல்லூரியில்தான் தெரிந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் லண்டனுக்கு வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துக்கொண்டிருந்தவள் நான். பாதியில் நாடு குழம்பியது, வளாகம் மூடுவதும் திறப்பதுமாக இருந்தது, அதற்கிடையில் லண்டன் மாப்பிள்ளை என்று இவருடைய சம்பந்தம் வந்தது. இவர் என்றால் என் கணவர்தான், வேறு யார்? "மிச்சப் படிப்பை அங்கை போய்ப் படிக்கலாம் பிள்ளை" என்று சொல்லித்தான் அம்மா என்னைப் பிளேன் ஏற்றிவிட்டா. வந்த இடத்தில் முதலில் கிடைத்தது படிப்பு இல்லை, ஆரணி. மகள் பிறந்து வளர்ந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, நான் மெதுவாக அந்தப் பேச்சை எடுத்தேன். இவர் மறுக்கவில்லை. மறுத்ததெல்லாம் ஊரார்தான். கிங்ஸ்பரியில் இருக்கிற மச்சாள், இவருடைய தமக்கை, டெலிபோனிலேயே சிரித்தா. "வரலாறு படிச்சு ஆரை அரசாளப் போறீர்? எல்லாரும் எக்கவுண்டன்சி படிக்கினம், கொம்பியூட்டர் படிக்கினம். நீர் செத்துப்போன ராசாக்களைக் கட்டிக்கொண்டு என்ன செய்யப்போறீர்?" எனக்கு வந்த கோபத்துக்கு டெலிபோனை வைத்துவிட்டு ஒரு முழுத் தேங்காயைத் திருவி முடித்தேன்.

என்னைப் போல் பாதியில் படிப்பை விட்ட பெரியவர்களுக்கென்று கிழக்கு லண்டன் கல்லூரி ஒன்றில் மாலை வகுப்பு நடந்தது. ஒரு வருடம். அதில் தேறினால் ஆசிரியப் பயிற்சிக்கு இடம் தருவதாகப் பல்கலைக்கழகம் ஒன்று ஒப்புக்கொண்டிருந்தது. இவர் பெற்றோல் நிலையத்தில் வேலை. மாலையில் ஆரணியோடு இருப்பதற்காக இரவு ஷிப்டுக்கு மாறிக்கொண்டார். முதலாளி ஒரு வருடத்துக்குத்தான் சம்மதித்தார், அதுவும் முனகிக்கொண்டே. ஆகவே கணக்கு எனக்குத் தெளிவாகவே தெரியும். இந்த ஒரு வருடத்தில் தேறினால் நான் ரீச்சர். தவறினால் மச்சாள் சொல்கிற தையல் வகுப்புத்தான் கதி.

இரண்டு பாடங்கள் எடுத்தேன். ஒன்று உலகத்தின் ஆதி நாகரிகங்கள். மற்றது கரீபியன் தீவுகளின் வரலாறு. உண்மையைச் சொன்னால் அந்த இரண்டாவதை நான் விரும்பி எடுக்கவில்லை. மற்றப் பாடங்கள் பகலில் நடந்தன, இது மட்டும் மாலையில் இருந்தது. நானும் தீவுக்காரிதானே, என்ன பெரிய வித்தியாசம் என்று போய் இருந்துவிட்டேன். வகுப்பில் பாதிப்பேர் அந்தத் தீவுகளிலிருந்து வந்து லண்டனிலேயே தலை நரைத்தவர்கள். முதல் வரிசையில் ஊதாக் கோட்டு. என்னைக் கண்டதும், "கிழங்கு முறிக்கிறவள்!" என்று எழுந்து, பக்கத்துக் கதிரையிலிருந்து தன் பையை எடுத்து இடம் தந்தார்.

ஐரீன் பார்படோஸ் தீவுக்காரி. இளம் வயதில் கப்பலேறி வந்து, பேருந்தில் டிக்கற் கொடுக்கும் வேலையில் முழங்கால் தேயும்வரை நின்றவர். லண்டனில் யாரிடம் நான் சிறீலங்கா என்று சொன்னாலும், "ஓ, இந்தியாவில் இருக்கிறதா?" என்பார்கள், அல்லது தேயிலையைப் பற்றிக் கேட்பார்கள். ஐரீன் கேட்டது வேறு. "தீவில் எந்தப் பக்கம்? காற்று அடிக்கிற பக்கமா, காற்று மறைந்த பக்கமா?" இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் அப்படியொரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. எங்கள் ஊருக்கு ஒரு காற்று இல்லை, வாடை ஒரு பக்கமிருந்தும் சோளகம் மறுபக்கமிருந்தும் மாறி மாறி அடிக்கும் என்று அரைகுறை ஆங்கிலத்திலும் இரண்டு கைகளாலும் விளக்கினேன். "இரண்டு பக்கத்தாலுமா? பாவம், தலைமுடியை என்ன செய்வீர்கள்?" என்றார் ஐரீன்.

இரண்டு பாடத்துக்கும் ஆசிரியர் ஒருவர்தான். பீட்டர் என்று பெயர். மேசையில் ஏறி இருந்து காலை ஆட்டிக்கொண்டு படிப்பிப்பார். பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். வாத்தியாரை எப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது? சேர் என்றால் அவர் முகம் சுளிப்பார், பீட்டர் என்றால் என் நாக்குச் சுளித்துக்கொள்ளும். ஆகவே அந்த வருடம் முழுவதும் நான் இருமித்தான் அவரைக் கூப்பிட்டேன். ஒரு நாள் அவர் பலகையில் நைல், யூப்ரட்டீஸ், சிந்து என்று நதிகளை வரைந்து, பெரிய நதி இல்லாத இடத்தில் ஆதி நாகரிகம் எழவில்லை என்றார். நான் இருமினேன். "எங்கள் ஊரில் ஆறே இல்லை" என்றேன். வகுப்பில் நான் வாய்திறந்தது அதுதான் முதல் தடவை. "எங்களுக்கும் பெரிதாக ஒன்றும் இல்லை, சுண்ணாம்புக் கல்தான்" என்றார் ஐரீன். எங்களுக்கும் சுண்ணாம்புக் கல்தான்! பீட்டர் காலாட்டுவதை நிறுத்திவிட்டு, "பிறகு எப்படி வாழ்ந்தீர்கள்?" என்று கேட்டார். "கிணறு" என்றேன். அவர் நதிகளுக்குப் பக்கத்தில் கிணறு என்று எழுதி, ஒரு கேள்விக்குறி போட்டார். அந்தக் கேள்விக்குறியை அழிக்க வேண்டாம் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது.

வாய்திறந்தால் என்ன, எழுத்தில் நான் விழுந்துகொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த படிப்பு யாழ்ப்பாணத்துப் படிப்பு. நோட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்து, சத்தம் போட்டுப் பாடமாக்கினால்தான் எனக்கு ஏறும். நான் சுமேரிய, பாபிலோனிய அரசர்களை ஒப்புவித்ததில் ஆரணிக்கும் அவர்கள் பாடமாகிவிட்டார்கள். இவர் சவரம் செய்துகொண்டே, "ஹம்முராபியை விட்டிட்டீர்" என்று குளியலறையிலிருந்து பிழை திருத்துவார். அப்படிப் பாடமாக்கி எழுதிய கட்டுரையைத்தான் பீட்டர் குறைந்த புள்ளியோடு திருப்பித் தந்தார். கீழே, "எல்லாம் இருக்கிறது. நீங்கள் எங்கே?" என்று எழுதியிருந்தார். எனக்குச் சுள்ளென்று வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் வரலாற்று விடையில் ‘நான்’ என்று எழுதினால் சிவப்புப் பேனாவால் வெட்டுவார்கள். சுமேரியரைப் பற்றி நினைக்க நான் ஆர்? அடுத்ததற்கும் அதே புள்ளி. "யார் பார்த்தது? யார் சொன்னது? அவருக்கு எப்படித் தெரியும்? இந்த மூன்றையும் எதைப் பற்றியும் கேளுங்கள்" என்றார் பீட்டர். நான் அந்த மூன்று கேள்விகளையும் பாடமாக்கி, அடுத்த கட்டுரையில் முன்னுரையாக எழுதிக் கொடுத்தேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். வருட முடிவில் ஒரு நீண்ட கட்டுரை எழுதி, வெளியிலிருந்து வரும் பரிசோதகர் முன் நின்று அதைப் பற்றிப் பேச வேண்டும். இப்படியே போனால் அதில் தேறுவது கஷ்டம் என்று மெதுவாகச் சொன்னார். நான் பஸ்ஸில் மேல்தட்டில் இருந்து அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

டிசம்பரில் நத்தார் விடுமுறைக்கு முந்திய கடைசி வகுப்பு அன்று. கொலம்பஸ் வருவதற்கு முன் அந்தத் தீவுகளில் இருந்த ஆதிக்குடிகளைப் பற்றிய பாடம். அவர்களுடைய சோறே மரவள்ளிதான் என்றார் பீட்டர். அதன் நச்சுச் சாற்றைப் பின்னிய நீளக் குழாய்க்குள் வைத்துப் பிழிந்து நீக்கி, மாவாக்கி ரொட்டி சுடுவார்களாம். மரவள்ளி அந்தப் பக்கத்துச் சாமான், ஐரோப்பியர் கப்பல்களில்தான் உலகமெல்லாம் போனது என்று அவர் சொன்னபோது, எனக்கு யாரோ என் வீட்டுக் கதவைத் தட்டாமல் திறந்த மாதிரி இருந்தது. மரவள்ளி எங்கள் சாப்பாடு என்றல்லவா நான் நினைத்திருந்தேன்! பாடம் முடிந்ததும் ஐரீன் பையிலிருந்து ஒரு பெரிய தட்டத்தை எடுத்து மேசையில் வைத்தார். மரவள்ளியைத் துருவி, தேங்காயும் சீனியும் சேர்த்து வெதுப்பிய கேக். அவர்கள் ஊரில் அதற்கு ‘போன்’ என்று பெயர். அறை முழுக்க வாசம். எல்லாரும் எடுத்தார்கள். நானும் ஒரு துண்டை எடுத்து வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனேன். அப்போதுதான் அந்த வாசத்துக்குள் இன்னொரு வாசத்தைப் பிடித்தேன்.

"இதற்குள் இஞ்சி போட்டீர்களா?" என்று கேட்டேன். "நிறைய!" என்றார் ஐரீன், பெருமையாக.

நான் கத்திய கத்தல் பக்கத்து வகுப்புக்கும் கேட்டிருக்கும். "சாப்பிட வேண்டாம்! நஞ்சு! துப்புங்கள்!" பீட்டரின் வாய்க்குள் பாதித் துண்டு இருந்தது. அவர் விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் என்னைப் பார்த்தார். ஊரில் இதை வாசிக்கிற உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மரவள்ளி சாப்பிட்ட அன்றைக்கு இஞ்சி வாயில் படக்கூடாது, பட்டால் ஆள் முடிந்தது. இது தெரியாத பிள்ளை எங்கள் நாட்டில் உண்டா? அதை அவர்களுக்கு எப்படிச் சொல்வது? "எங்கள் நாட்டில் எல்லாருக்கும் தெரியும்" என்று மட்டும் திருப்பித் திருப்பிச் சொன்னேன். ஐரீனின் முகம் இறுகிவிட்டது. "என்னுடைய கையால் செய்ததை நஞ்சு என்கிறாயா?" என்றார். "என் அம்மா இப்படித்தான் செய்தார். அவருடைய அம்மாவும் இப்படித்தான். இருவரும் செத்துத்தான் போனார்கள், தொண்ணூறு வயதில்." எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இன்னொரு துண்டு எடுத்தார்கள். நான் என் துண்டைத் தட்டத்திலேயே வைத்துவிட்டு, யார் முதலில் விழப்போகிறார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் விழவில்லை. ஐரீன் மிச்சத்தை மூடி எடுத்துக்கொண்டு என்னிடம் சொல்லாமலே போய்விட்டார். ஒருவர் தந்த சாப்பாட்டைக் கடிக்காமல் திருப்பி வைப்பது எவ்வளவு பெரிய அவமானம் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லித்தரவா வேண்டும்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். இவர் கேட்ட முதல் கேள்வி, "ஆரும் செத்துப்போச்சினமோ?" என்பதுதான். "இல்லை" என்றேன். "விடியமுன்னம் சொல்ல ஏலாது" என்றுவிட்டு வேலைக்குப் போனார். அடுத்த நாள் கிங்ஸ்பரி மச்சாளுக்கு டெலிபோன் எடுத்தேன்.

"ஐயோ, இஞ்சியோ? எங்கட ஊரிலை ஒரு குடும்பமே முடிஞ்சது, தெரியாதே உமக்கு?"

"நீங்கள் கண்டனீங்களே மச்சாள்?"

"நான் காணேல்லை. பக்கத்து வீட்டு மாமி சொன்னவ."

"மாமி கண்டவவோ?"

"இதென்ன, கோட்டிலை வழக்குக் கேக்கிற மாதிரிக் கேக்கிறீர்?"

வெள்ளிக்கிழமை ஆர்ச்வே முருகன் கோயிலில் பூசை முடிந்து பிரசாதத்துக்கு நின்றபோது, வரிசையில் நின்ற பெண்களிடமும் கேட்டேன். எல்லாரிடமும் ஒரு கதை இருந்தது. ஒருவருக்குச் சாவகச்சேரியில், ஒருவருக்குப் பருத்தித்துறையில், ஒருவருக்கு மலைநாட்டில். கதை அப்படியே ஒன்று, ஊர் மட்டும்தான் வேறு. கண்ணால் கண்டவர் யாரும் இல்லை. அப்போது எனக்குப் பின்னால் நின்ற டொக்டர் அம்மா, நாகர்கோவில்காரர், மெல்லக் கேட்டார். "மரச்சீனிக் கிழங்கையா சொல்றீங்க? எங்க வீட்டுல இஞ்சி தட்டிப் போட்டுத்தானே தாளிப்போம்? ஒண்ணும் ஆகாதே." வரிசை முழுவதும் திரும்பி, செத்தவர் எழுந்து வந்து கதைக்கிற மாதிரி அவரைப் பார்த்தது. "உங்கட இஞ்சி வேறயாக்கும்" என்று ஒரு அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டா.

வீட்டுக்கு ரயிலில் வரும்போது எனக்குத் திடீரென்று விளங்கியது. யார் பார்த்தது? யார் சொன்னது? அவருக்கு எப்படித் தெரியும்? நான் பாடமாக்கி முன்னுரையாக எழுதிய அதே மூன்று கேள்விகளை, எனக்குத் தெரியாமலே ஒரு கிழமையாக ஊரெல்லாம் கேட்டுத் திரிந்திருக்கிறேன். எனக்குள் ஒரு சந்தோசம் பொங்கிக்கொண்டு வந்தது. கூடவே அம்மாவின் நினைவும் வந்தது. எழுபதுகளில், அரிசி கிடைக்காமல் பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலத்தில், எங்கள் வீட்டில் கிழமையில் பாதி நாள் மரவள்ளிதான். அவித்து, பச்சைமிளகாய்ச் சம்பலோடு சாப்பிடுவோம். கிழங்கை அடுப்பில் ஏற்றுமுன் அம்மா செய்கிற முதல் வேலை, குசினியிலிருக்கும் இஞ்சியை எல்லாம் பொறுக்கி ஒரு சிரட்டையில் போட்டு, வெளியே கிணற்றடியில் கொண்டுபோய் வைப்பது. தேநீர் குடிக்க யாராவது வந்தால், "இண்டைக்குக் கிழங்கு அவிச்சனாங்கள், இஞ்சி போடேல்லை" என்று சொல்லித்தான் கொடுப்பா. சோறு போட வழியில்லாத நாட்களில் அம்மாவால் எங்களைக் காப்பாற்ற முடிந்த ஒரு வழி அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். அந்தச் சிரட்டைக்கு நாங்கள் கிட்டப் போகமாட்டோம்.

விடுமுறை முடிந்து முதல் வகுப்பில் பீட்டர் மேசையில் ஏறி இருக்குமுன்பே போய் இருமினேன். மரவள்ளியைப் பற்றி எழுதப் போகிறேன் என்றேன். அந்தத் தீவுகளில் ஆதிக்குடிகளுக்கு எது நஞ்சு, அதை எப்படிப் பிழிந்து எடுப்பது என்று தெரிந்திருந்தது. கப்பல்காரர் கிழங்கைத்தான் கொண்டுபோனார்கள், பிழிகிற குழாயைக் கொண்டுபோனதாகத் தெரியவில்லை. எங்கள் தீவுக்குக் கிழங்கும் அதைப் பற்றிய பயமும் மட்டும் வந்து சேர்ந்து, அந்தப் பயம் எங்கள் வீட்டு இஞ்சியில் போய்க் குந்திவிட்டதோ என்று நினைக்கிறேன். சொல்லி முடித்த பிறகுதான் ‘நினைக்கிறேன்’ என்று சொன்னது எனக்கே தெரிந்தது. பீட்டர் சிரித்தார். "இது சரியா பிழையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் வந்துவிட்டீர்கள்" என்றார். பிறகு, நூலகத்தை மட்டும் நம்ப வேண்டாம், முதலில் ஐரீனிடம் கேளுங்கள் என்றார்.

அதுதான் சிக்கல். ஐரீன் இப்போது என் பக்கத்தில் இருப்பதில்லை. பையைக் கதிரையில் வைத்துவிடுவார். வகுப்பில் கேட்கத் தைரியம் வரவில்லை, கடையில்தான் பிடித்தேன். கிழங்குப் பெட்டிக்கு முன்னால் அதே ஊதாக் கோட்டு. நான் ஒன்றை முறித்தேன். நல்ல வெள்ளை. அதை அவரிடம் நீட்டி, "உங்கள் கேக்கை எப்படிச் செய்வது என்று எனக்குக் காட்ட வேண்டும், கட்டுரைக்கு" என்றேன். அவர் கிழங்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "காட்டுவேன். ஆனால் செய்து முடிந்ததும் நீ சாப்பிட வேண்டும். இஞ்சியோடு. சாப்பிடாதவளுக்கு நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன்." நான் தலையாட்டினேன்.

வீட்டில் சொன்னதும் இவர் கோபத்தில் துள்ளிக் குதித்தார். "நீர் என்ன விசரே? பிள்ளையை வைச்சுக்கொண்டு பரிசோதனை செய்யிறீரோ?" அத்தனை பேர் சாப்பிட்டும் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றேன். "அவை பழகின ஆக்கள். நாங்கள் பழகாத ஆக்கள்" என்றார். தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் தானும் வருவதாகச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூவருமாக ஐரீன் வீட்டுக்குப் போனோம். நான் குசினியில் ஐரீனோடு நின்று கிழங்கைத் துருவினேன், துணியில் வைத்துச் சாற்றைப் பிழிந்தேன். பிழிவதைப் பற்றிக் கேட்டபோது, "ஏன் என்று தெரியாது, அம்மா பிழியச் சொன்னார், பிழிகிறேன்" என்றார் ஐரீன். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. இவர் முன்னறையில், முழங்காலில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, டெலிபோனுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். அம்புலன்சுக்கு மூன்று ஒன்பது சுழற்ற வேண்டும் என்று வரும் வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தவர்.

கேக் வந்தது. ஆவி பறந்தது. இஞ்சி வாசம் மூக்கில் ஏறியது. ஐரீன் கைகளைக் கட்டிக்கொண்டு எனக்கு எதிரில் இருந்தார். நான் துண்டைக் கையில் எடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், சரித்திரம், கட்டுரை, பல்கலைக்கழகம் ஒன்றும் அப்போது என் தலையில் இல்லை. கிணற்றடிச் சிரட்டைதான் கண்ணுக்குள் நின்றது. "முருகா" என்று சொல்லிக் கடித்தேன். இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, எழுந்து வந்து தட்டத்திலிருந்து தானும் ஒரு துண்டை எடுத்தார். "செத்தால் ரெண்டு பேரும் சாவம்" என்றார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து இவர் என்னிடம் சொன்னதிலேயே இனிமையான பேச்சு அது. ஆரணிக்கு மட்டும் கொடுக்கவில்லை. அவளுக்குப் பாணும் ஜாமும். "தட்ஸ் நொட் ஃபெயார்!" என்று அவள் அழுதாள். ஐரீனுக்கு நாங்கள் தமிழில் கதைத்தது எதுவும் விளங்கவில்லை. ஆனால் பிள்ளைக்கு மட்டும் கேக் கொடுக்காததைப் பார்த்து எல்லாம் விளங்கிக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கேக் நல்ல ருசி. இவர் இரண்டாவது துண்டும் கேட்டார்.

வருட முடிவில் பரிசோதகராக வந்தவர் கண்ணாடி போட்ட ஒரு வெள்ளைக்கார அம்மா. என் கட்டுரையின் முதல் வசனம், ‘நான் ஒரு கேக்குக்குப் பயந்தேன்’ என்பது. யாழ்ப்பாணத்து வாத்தியார்கள் மன்னிக்க வேண்டும், முதல் சொல்லே நான்தான். நான் நின்றுகொண்டு, எதையும் ஒப்புவிக்காமல், எங்கள் தீவையும் ஐரீனின் தீவையும் கிழங்கையும் கப்பலையும் கோயில் வரிசையையும் பற்றிப் பேசினேன். அந்த அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுக் கடைசியில், "அப்படியானால் இனி மரவள்ளிக்கு இஞ்சி போடுவீர்களா?" என்றார். "ஐரீன் வீட்டில் போடுவேன்" என்றேன். "உங்கள் வீட்டில்?" என்றார். நான் இருமினேன். போச்சு, எல்லாம் கவிழ்ந்தது என்று நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே எதையோ எழுதினார். தேறிவிட்டேன் என்று சில கிழமைகளில் தெரிந்தது. கிங்ஸ்பரி மச்சாள் டெலிபோனில், "எனக்கு அப்பவே தெரியும், நீர் கெட்டிக்காரி" என்றா. இஞ்சியைப் பற்றி மட்டும் என்னை நம்ப ஏலாது என்றும் சொன்னா.

இப்போது நான் கிழக்கு லண்டன் பள்ளிக்கூடம் ஒன்றில் வரலாறு படிப்பிக்கிறேன். பிள்ளைகள் என்னை மிஸ் என்கிறார்கள், பெயர் சொல்லாததில் எனக்குப் பெரிய நிம்மதி. யார் பார்த்தது, யார் சொன்னது என்று நாள் முழுக்க அவர்களைக் குடைகிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு ஐரீன் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. இஞ்சி போட்ட கேக்கை நான் பயமில்லாமல் சாப்பிடுகிறேன், ஆரணியும்தான். ஆனால் என் வீட்டில் மரவள்ளி அவிக்கிற நாளில், கிழங்கை அடுப்பில் ஏற்றுமுன் என் கை தானாகப் போய் இஞ்சியைத் தேடி எடுக்கிறது. ஒரு கிண்ணத்தில் போட்டு, குசினி ஜன்னலுக்கு வெளியே விளிம்பில் வைத்துவிட்டு ஜன்னலைச் சாத்துகிறேன். "அம்மா, யூ ரீச் ஹிஸ்ரரி!" என்று, சரித்திரம் படிப்பிக்கிறவளே இப்படிச் செய்வதா என ஆரணி கத்துவாள். கத்தட்டும். அம்மா இன்னும் யாழ்ப்பாணத்தில்தான். சண்டை ஓயாததால் அந்தப் பக்கத்துக்கு டெலிபோன் இல்லை, பாதை திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று பேப்பரைப் பார்த்துத்தான் தெரியும். அவ சாப்பிட்டாவா என்று கேட்கக்கூட என்னால் முடியாது. அவ சொன்னவற்றில், இங்கே இருந்துகொண்டு நான் தவறாமல் செய்யக்கூடியது இது ஒன்றுதான்.

ஐரீன் எங்கள் வீட்டுக்கு வந்தால் முன்கதவால் வருவதில்லை, பின்பக்க ஒழுங்கையால் வந்து குசினிக் கதவைத் தட்டுவார். தட்டுமுன் ஜன்னல் விளிம்பைப் பார்ப்பார். மழையில் நனைந்துகொண்டு அங்கே இஞ்சி இருந்தால், தொப்பியைக் கழற்றிக்கொண்டே, "ஓ, இன்றைக்கு உன்னுடைய தீவு" என்று சொல்லிவிட்டு உள்ளே வருவார்.